பொன்னேரி வயலை ராயபுரத்திலிருந்து பார்க்க முடியுமா? செயற்கைக்கோள் படம் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ராயபுரம் ரயிலடி | வெள்ளி, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போகும் வழியில் எங்களுக்கு 1 ஏக்கர் 60 சென்ட் நஞ்சை இருக்கு. அப்பாவுக்குப் பிறகு சித்தப்பாதான் பயிர் வைக்கிறார். எனக்கு ராயபுரத்தில் கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னாடி வேலை. மாசம் ஒரு தடவை நிலத்துக்குப் போனால் அதுவே அதிசயம்.

போன மாசம் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் செயற்கைக்கோள் படத் தளத்தில் கணக்குத் திறந்தேன். காசு கிடையாது. அதில் உள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் எங்கள் வயலைக் கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி போச்சு. கடைசியில் பக்கத்து ஏரியின் கலங்கலை (உபரி நீர் வழியும் இடம்) வைத்துத்தான் பிடித்தேன். என்.டி.வி.ஐ என்கிற பச்சைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஜனவரி நடுவில் நவரைப் போக நெல் நட்ட நேரத்தில் வயல் முழுக்க இருட்டு. பிப்ரவரியில் பச்சை ஏறிக்கொண்டே வருது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஏழு கட்டம் மஞ்சளாகவே நிற்குது. மற்ற இடமெல்லாம் 0.7, அங்கே மட்டும் 0.35.

சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "நான் தெனமும் வரப்புல நிக்கிறேன், எனக்குத் தெரியாதது உனக்கு ஆகாசத்துலேர்ந்து தெரியுதாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இந்தப் படத்தை நம்பி ஏதாவது செய்யலாமா, இல்லை வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாமா?

கொடுங்கையூர் குசும்பு | வெள்ளி, இரவு 10:20

மொதல்ல சித்தப்பாவ நம்பு. அவருக்கு ரீசார்ஜ் பண்ணிவுடு. சாட்டிலைட்ட விட அது சல்லிசு.

பிக்சல் பாமா | வெள்ளி, இரவு 11:47

ரயிலடி தம்பி, தொலையுணர்வுதான், அதாவது செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தைப் படிப்பதுதான், எனக்குப் பிழைப்பு. ஆரம்பமே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஏழு கட்டத்துக்கு முன்னால் சில விஷயம்.

உயிரோட்டமாக இருக்கும் இலை சிவப்பு ஒளியைக் குடித்துவிடும், நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் உங்கள் 0.7. நட்ட புதிதில் இருட்டாகத் தெரிந்தது வயலில் நின்ற தண்ணீர். தண்ணீருக்கு இந்த எண் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

ஒரு கட்டம் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கருக்கு 40 கட்டம், உங்கள் நிலத்துக்குக் கிட்டத்தட்ட 65. நம்மூர்க் கணக்கில் ஒரு கிரவுண்டு மனை இரண்டு கட்டம்தான். ஒரு சென்ட் அரைக் கட்டம்கூடத் தேறாது. ஓரத்துக் கட்டங்களில் வரப்பு, பனைமர நிழல், பக்கத்து வயல் எல்லாம் கலந்துவிடும். அதனால் ஓரத்தை எப்போதும் கழித்துவிடுங்கள். உங்கள் ஏழில் எத்தனை உள்ளே இருக்கிறது?

அடுத்தது, ஒரு தேதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐந்து நாளுக்கு ஒரு படம் வருகிறது. அடுத்தடுத்து மூன்று படத்தில் அதே மூலை மஞ்சளாக இருந்தால் விஷயம் இருக்கிறது. ஒரு படத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மேகத்தின் நிழல். என்.டி.வி.ஐ குறியீட்டுக்குப் போகும் முன் அதே தேதியின் சாதாரண வண்ணப் படத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். என்னிடம் வரும் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று: மார்ச் கடைசியில் வயல் முழுக்க எண் சரியும். அப்போது பதறிப்போய் சித்தப்பாவுக்கு போன் போடாதீர்கள். அது கதிர் பழுக்கிற நேரம்.

செங்குன்றம் அரிசிமண்டி | சனி, காலை 6:35

நான் நெல் வாங்கி விற்கிற ஆள். இருபது வருஷமாக மண்டியில் நிற்கிறேன். மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று தெரியும். படம் பார்த்து விவசாயம் செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். மூன்று பேரும் இப்போது நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று கேட்கிறேன். நம் பக்கத்தில் சம்பாதான் பெரிய போகம். ஆடி, ஆவணியில் விதைத்தால் தை வரைக்கும் வயலில் நிற்கும். பயிருக்கு ஆபத்து வருவதே ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். அப்போது வானம் முழுக்க மேகம். உங்கள் செயற்கைக்கோள் அப்போது எதைப் பார்க்கும்?

பிக்சல் பாமா | சனி, காலை 9:10

அரிசிமண்டி அண்ணே, நல்ல கேள்வி. சென்டினல்-2 கேமரா மாதிரிதான், வடகிழக்குப் பருவமழையில் அதற்குக் கண் தெரியாது. நவம்பர் முழுக்க எங்கள் படமெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

அதற்குத்தான் ரேடார். சென்டினல்-1 தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகமோ ராத்திரியோ அதற்குப் பொருட்டில்லை. நெல்லுக்கு அது ரொம்பப் பொருத்தம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி, அலையை வேறு பக்கம் வழுக்கிவிட்டுவிடும், படத்தில் கறுப்பு. தூர் கட்டிப் பயிர் எழும்ப எழும்ப அலை சிதறித் திரும்பும், கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். முதலில் கறுத்துப் பிறகு வெளுக்கும் இந்த வரிசை வேறு பயிருக்கு அவ்வளவு லேசில் வராது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் தமிழ்நாட்டு நெல் பரப்பை ரேடாரில் கணக்கெடுப்பது இந்த அடிப்படையில்தான்.

நம் நாட்டுக்கும் சொந்த ரேடார் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் போன இ.ஓ.எஸ்-04 ஒன்று. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நைசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் எல் அலைவரிசையின் அலைநீளம் 24 சென்டிமீட்டர்; இலையைத் தாண்டிக் கிளை, தண்டு வரை போகும். காட்டு மரத்தின் எடையைக் கணக்கிட அதைத்தான் எல்லாரும் நம்பியிருக்கிறோம்.

முகத்துவாரம் | சனி, காலை 11:02

பாமா அக்கா, நைசார் போச்சுன்றீங்களே, அது போனதை நாங்க கரையிலேர்ந்தே பாத்தோம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. எண்ணூர்லேர்ந்து வடக்கே பாத்தா நெருப்பு ஏறுறது அப்படியே தெரியும். ராக்கெட் வுடுற அன்னிக்கு பழவேற்காட்டுக்காரன் எல்லாம் கடலுக்குப் போவக் கூடாது. அன்னிக்குப் பொழப்பு போச்சு. மேல போறதுக்கு வழி வுட்டவங்கன்ற உரிமைல கேக்குறேன், எங்க ஆத்த அதுல காட்டுவீங்களா?

சாட்டிலைட்டு எங்களுக்குப் புதுசு இல்ல. கடல் சூடு எங்க மாறுது, பாசி எங்க சேருதுன்னு பாத்து, மீன் எங்க கெடைக்கும்னு ஐதராபாத்துல கீற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் சேதி அனுப்புவாங்க. சில நாள் படும். சில நாள் நாங்க போறதுக்குள்ள மீன் போய்டும். ஆனா சேதிய பாக்காம யாரும் கெளம்புறதில்ல.

என் சங்கதி வேற. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடத்துல, காட்டுக்குப்பம் பக்கம், கண்டல், அதான் அலையாத்திக் காடு, இருக்கு. எங்க தாத்தா காலத்துல இருந்ததுல பாதி கூட இல்ல. மேல அனல் மின் நிலையத்துச் சாம்பல் ரொம்பிடுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணியோட எண்ணெ வந்து கண்டல் இடுப்பு வரைக்கும் கறுத்து நின்னுச்சு. கையால தடவி இறால் புடிக்கிறவங்க கை எல்லாம் எரிஞ்சுச்சு. இப்ப ஒருத்தர் வந்து மீட்டிங்குல படம் போட்டுக் காட்டுறார், "பாருங்க, அஞ்சு வருசத்துல பச்சை அதிகமாயிருக்கு"ன்னு. நானும் பாத்தேன். பச்சையாதான் கீது. ஆனா அவர் காட்டுன எடத்துல நான் வாரத்துக்கு நாலு நாள் போட்டுல போறேன். அங்க கீறது சீமைக்கருவேலம்.

கொடுங்கையூர் குசும்பு | சனி, காலை 11:09

இதான் மேட்டர். முள்ளும் பச்சை, முருங்கையும் பச்சை.

பிக்சல் பாமா | சனி, பகல் 1:30

முகத்துவாரம் அண்ணே, நீங்கள் சொன்னதை நான் வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். என்.டி.வி.ஐ எந்த மரம் என்று கேட்பதே இல்லை. சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். சாம்பல் கொட்டி மேடான இடத்தில் அது காடு போல் அடைந்தால் குறியீடு ஏறத்தான் செய்யும். ஏற்றத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் சதுப்பு செழித்த மாதிரி இருக்கும். ஆறு செத்த கணக்கு அதில் வராது.

பிரிக்க வழி இல்லாமல் இல்லை. கண்டலுக்கு அடியில் எப்போதும் சேறும் தண்ணீரும். சீமைக்கருவேலத்துக்கு அடியில் காய்ந்த மண். குறுஅலை அகச்சிவப்புப் பட்டையில் ஈரம் கறுப்பாக விழும், அதை வைத்துப் பிரிக்கலாம். அந்தப் பட்டை 20 மீட்டர் துல்லியம்தான், ஆற்றோரமாக ஒற்றை வரிசையில் நிற்கும் கண்டல் அதில் மாட்டாது. ரேடாரில் தண்ணீரில் நிற்கிற மரம் பளிச்சென்று தெரியும். அலை நீரில் பட்டு, தண்டில் பட்டு, இரண்டு முறை துள்ளித் திரும்பும்.

ஆனால் எண்ணூரில் இன்னொரு சிக்கல், இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரைக்கு மேல், எப்போதும் கிட்டத்தட்ட அதே நேரம். ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) அப்படி இல்லை, தினமும் தள்ளிப்போகும். ஒரு படத்தில் ஏற்றம், அடுத்ததில் இறக்கம். ஒரு மாதத்துப் படங்களை மட்டும் வைத்துப் பார்த்த என் மாணவர் ஒருவர், "முகத்துவாரத்தில் புதிதாக 3 ஹெக்டேர் நிலம் முளைத்திருக்கிறது" என்று எழுதிக்கொண்டு வந்தார். அது சேற்றுத் திட்டு. மதியம் முழுகிவிடும். இதோடு, அங்கேயுள்ள சாம்பல் குட்டையும் உப்பளமும் வெயிலில் அவ்வளவு பளபளப்பு, தானியங்கி மேக வடிகட்டி அதை மேகம் என்று நினைத்துப் படத்திலிருந்து அழித்துவிடும். எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடமே ஓட்டையாகிப் போகும்.

எண்ணெய் பற்றிக் கேட்பீர்கள். வெளிக்கடலில் ரேடார் அதைப் பிடிக்கும். காற்றில் எழும் சிற்றலையை எண்ணெய்ப் படலம் அமுக்கிவிடும், அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஆற்றுக்குள் தண்ணீரே அசையாமல் கறுப்பாகத்தான் இருக்கும். அங்கே ரேடாரால் பயன் இல்லை.

வியாசர்பாடி வாசகசாலை | சனி, மாலை 5:15

பச்சை கூடியது என்ற பேச்சு எண்ணூரோடு முடியவில்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காட்டுப் பரப்பு அறிக்கை விடுகிறது, செயற்கைக்கோள் படத்தை வைத்துத்தான். அதில் காட்டுப் பரப்பு என்பதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடம், அதில் மரக் கவிகை (மேலிருந்து பார்த்தால் மரத்தின் தலை மூடும் பரப்பு) 10 சதவீதம் இருந்தால் போதும். நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி இல்லை. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, மூங்கில் எல்லாம் உள்ளே. அந்தக் கணக்கில் பொள்ளாச்சித் தென்னையும் காடு, சோலையும் காடு.

அவர்கள் மேல் தப்பில்லை, அறிக்கையிலேயே விளக்கமாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் "நாட்டில் காடு வளர்ந்தது" என்று தலைப்பு போடுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கொடுங்கையூர் குசும்பு | சனி, மாலை 5:40

நாசா தீ வரைபடத்துல நம்ம ஏரியாவ பாத்துருக்கீங்களா? ஒரு நாள் ராத்திரி திறந்தேன், வடசென்னைல சிவப்புப் புள்ளி. காட்டுத்தீயோன்னு உள்ள போய் பெருசு பண்ணிப் பாத்தா நம்ம குப்பைமேடு. பக்கத்துல இன்னொன்னு, மணலி பக்கம் புகைபோக்கி மேல எரியுற சுடர். ஒரு புள்ளி 375 மீட்டராமே. எங்க தெருவே அந்தப் புள்ளிக்குள்ள கீது. காட்டுல வாழ்றோம்னு சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்.

மாதவரம் மாமா | ஞாயிறு, காலை 5:50

வேளாண் துறையில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். பால் பண்ணைப் பக்கம் காலை நடை போய்விட்டு வந்து இதைப் படித்தேன். எல்லோரும் வானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ராயபுரம் தம்பியின் ஏழு கட்டத்தை மறந்துவிட்டீர்கள்.

தம்பி, நான்கு கேள்வி.

தண்ணீர் ஏரிப் பாசனமா, போரா? வயலுக்குள் தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது? அந்த வடகிழக்கு மூலை பள்ளமா, மேடா? சித்தப்பா அங்கே யூரியா கூடப் போட்டாரா?

பதில் தெரியும் வரை அந்த மூலைக்கு ஒரு பிடி உரமும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். இலை வெளுத்தாலே யூரியா என்று கை போய்விடும் நம் ஆட்களுக்கு. தழைச்சத்துக் குறைவா என்று பார்க்க இலை வண்ண அட்டை இருக்கிறது, சட்டைப் பையில் அடங்கும். மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலையை வைத்து ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரியும். அதைச் செய்ய 786 கிலோமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டியதில்லை.

ராயபுரம் ரயிலடி | ஞாயிறு, காலை 7:05

மாமா, போர்த் தண்ணீர்தான். எந்த மூலையில் நுழைகிறது என்று எனக்குத் தெரியலை. சொல்லவே வெட்கமாக இருக்கு. பாமா அக்கா, ஓரத்தைக் கழித்தால் நாலு கட்டம் உள்ளே இருக்கு. பிப்ரவரி படம் நாலிலும் அதே இடம். சாப்பிட்டுவிட்டு கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிச்சுப் போறேன்.

சோழவரம் ஏரிக்கரை | ஞாயிறு, காலை 10:25

படத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார் தம்பி. என் கதையையும் கேளுங்கள். ஒரு வருஷம் டிசம்பர்ப் புயலில் சம்பா மொத்தமும் சாய்ந்துவிட்டது. பால் பிடிக்கும் நேரம். தண்ணீருக்குள் மூன்று நாள் கிடந்தது. காப்பீட்டுக்குப் போனால், ஊருக்குப் பொதுவாக அறுவடைப் பரிசோதனை நடத்துவார்கள், அதில் விளைச்சல் குறைந்தால்தான் பணம் என்றார்கள். சரி, அது திட்டத்தின் விதி. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் கம்ப்யூட்டரைத் திருப்பி, "பாருங்க, உங்க வயல் பச்சையாத்தானே இருக்கு" என்றார்.

சாய்ந்த நெல் பச்சையாகத்தான் இருக்கும். அழுகுவதற்கு ஒரு வாரம் ஆகும். படம் வந்தது வானம் வெளுத்த முதல் நாள். அன்றைக்கு என் வயல், கீழே விழுந்து கிடக்கிற பச்சை. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு நின்றாலும் பச்சை, கிடந்தாலும் பச்சை.

பிக்சல் பாமா | ஞாயிறு, பகல் 12:20

ஏரிக்கரை ஐயா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரே தேதி, ஒரே குறியீடு. அதே வயலைப் பத்து நாள் கழித்து வந்த படத்தில் பார்த்திருந்தால் நிறம் மாறியிருக்கும். நிமிர்ந்து நிற்கும் பயிருக்கும் படுத்த பயிருக்கும் ரேடார் அலை திரும்பும் விதமே வேறு. கருவியைவிட அதைத் திறந்து பார்த்தவர் அவசரம்தான் உங்களைக் கெடுத்தது.

செங்குன்றம் அரிசிமண்டி | ஞாயிறு, பகல் 12:41

அவசரமோ அறியாமையோ, பணம் வந்ததா?

சோழவரம் ஏரிக்கரை | ஞாயிறு, பகல் 12:50

வரவில்லை.

ராயபுரம் ரயிலடி | ஞாயிறு, இரவு 9:35

போய்விட்டு வந்தேன். நீளமாக எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

மூலைகளின் இருப்பிடத்தைப் போனில் குறித்துக்கொண்டு போயிருந்தேன். சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடிச்சுக்கிட்டிருந்தார். போனைக் கையில் பிடித்தபடி நான் நடக்கிறதைப் பார்த்து, "புதையல் எடுக்க வந்தியா?" என்றார். போன் காட்டின இடத்தில் நின்றேன். மாமா, நீங்க கேட்டதுக்குப் பதில் என் காலுக்குக் கீழேயே இருந்தது. போர்க் குழாய் வந்து விழுகிற வாய்மடை அதுதான். வயலிலேயே அதிகத் தண்ணீர் குடிக்கிற மூலை. அங்கேதான் பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. தூர் நாலோ அஞ்சோ. இலை நுனி காய்ஞ்சு சுருண்டிருக்கு. பத்தடி தள்ளி வந்தால் பயிர் இடுப்புக்கு வருது.

தண்ணீர் வடிஞ்ச வரப்போரத்தில் மண் மேலே வெள்ளையாக ஒரு பொருக்கு. விரலால் வழித்தால் பூ மாதிரி வருது. சித்தப்பா குழாயிலிருந்து ஒரு கை தண்ணீர் பிடிச்சு வாயில் வச்சுத் துப்பினார். "லேசாக் கரிக்கும். பழகிடுச்சு" என்றார். நானும் வாயில் வச்சேன். லேசாக எல்லாம் இல்லை.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "அந்த மூலை எப்பவுமே அப்படித்தான்டா, உங்க தாத்தா காலத்துலேர்ந்து." அந்த "எப்பவுமே" எனக்கு இடிச்சுது. திரும்பி வரும்போது ரயிலிலேயே பழைய படங்களைத் திறந்தேன். எல்லா வருஷமும் பிப்ரவரி கடைசி வாரம், நவரை மட்டும். 2017: மூலை மற்ற இடம் மாதிரியே பச்சை. 2018: அதே. 2019-இல் பயிரே வைக்கலை. 2020: இரண்டு கட்டம் மஞ்சள். 2022: நாலு. இப்போ ஏழு.

2019 கோடை உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். புழல் ஏரி வெடிச்சுக் கிடந்த படம் உலகம் முழுக்கச் சுத்திச்சே, அந்த ஜூன். அந்த மாசம்தான் சித்தப்பா கடன் வாங்கிப் போரை இன்னும் ஆழமாக இறக்கினார். பணம் அனுப்பினதே நான்தான்.

வீட்டுக்கு வந்து போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த ரெண்டு கட்டம் வந்த வருசம் எனக்கு எலின்னு நெனப்பு" என்றார்.

மாதவரம் மாமா | திங்கள், காலை 6:15

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். சித்தப்பாவைக் குறை சொல்லாதீர்கள். வருடத்துக்கு ஒரு கட்டம் நகர்கிற வியாதி, தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. என் பேரன் வளர்ந்தது எனக்கே பழைய சட்டையைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

உங்கள் பக்கத்துக் கதை பழையது. மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் ஊருக்கும் ஆலைக்கும் நகரத்துக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, 1960-களின் கடைசியிலிருந்தே கடல் நீர் உள்ளே ஏற ஆரம்பித்துவிட்டது. ஆழமாகப் போகப் போக நல்ல தண்ணீர் என்பது மற்ற ஊருக்குச் சரி. கடலோரத்தில் அதை நம்பிப் போரை இறக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியது: மூலையிலிருந்தும் நடுவயலிலிருந்தும் மண் தனித்தனியாக, குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், மூன்றையும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பக்கத்து மண் பரிசோதனை நிலையத்துக்கோ கொண்டு போங்கள். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் (அலகு dS/m) 4-ஐத் தாண்டினால் உவர் நிலம் என்பது கணக்கு. நெல்லுக்கு 3-லிருந்தே விளைச்சல் இறங்கும். கார அமிலத் தன்மையையும் கேட்டு வாங்குங்கள். உவரா (உப்பு மிகுந்த மண்), களரா (சோடியம் ஏறி இறுகிய மண்) என்று அதில்தான் தெரியும். களருக்கு ஜிப்சம் போடலாம். உவருக்கு ஜிப்சம் போட்டால் காசுக்குப் பிடித்த கேடு. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். உவருக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். அடுத்த மழையில் மூலைக்கு உயர வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கி, பிறகு வடிகால் வெட்டி வெளியே விட வேண்டும், இரண்டு மூன்று முறை. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். அடுத்த போகத்துக்கு உப்பைத் தாங்கும் ரகம் எது கிடைக்கிறது என்று திரூரிலேயே விசாரியுங்கள்.

அடுத்து வரும் சொர்ணவாரிப் போகத்துக்கு அந்தப் போரை நம்ப வேண்டாம். நிலத்தைச் சும்மா போட்டாலும் பரவாயில்லை.

செங்குன்றம் அரிசிமண்டி | திங்கள், காலை 7:40

ஒத்துக்கொள்கிறேன். பழைய படத்துக்கு மதிப்பு இருக்கிறது. மண்டியில் பத்து வருஷத்துக்கு முந்திய மூட்டையை எடுத்துக் கையில் தேய்க்க முடியாது. ஆனால் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தது சித்தப்பாதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி வாசகசாலை | திங்கள், காலை 8:02

ரயிலடி தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. இதே படத்தின் மேல் நில அளவைப் புலப்படத்தை ஒட்டி, "பக்கத்து வயல்காரன் இரண்டு அடி ஏறியிருக்கான்" என்று கிளம்பிவிடாதீர்கள். வரைபடமும் படமும் சில மீட்டர் தள்ளி உட்காரும். எங்கள் சொந்தத்தில் இதனால் இரண்டு வீடு பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. கடைசியில் சர்வேயர் வந்து சங்கிலி இழுத்தபோது கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

முகத்துவாரம் | திங்கள், இரவு 8:20

பாமா அக்கா, ரயிலடி தம்பி கதைய வீட்டுல படிச்சுக் காட்டுனேன். எங்க ஆளுங்க கேக்குறாங்க, நம்ம கண்டலுக்கும் அதே மாதிரி பழைய படம் எடுக்க முடியுமா? 2016-லேர்ந்து எந்த எடத்துல கண்டல் போயி சீமைக்கருவேலம் வந்துச்சுன்னு. அந்த மீட்டிங்கு ஆளு மறுபடி வருவாரு. வெறுங்கையோட போவ முடியாது.

பிக்சல் பாமா | திங்கள், இரவு 9:05

முடியும். 2016-க்கும் முன்னால் போக வேண்டுமானால் லேண்ட்சாட் இருக்கிறது. ஒரு கட்டம் 30 மீட்டர், அதனால் ஒற்றை வரிசைக் கண்டல் தெரியாது, பெரிய திட்டுகள் தெரியும். அந்த வரிசை 1972-இலேயே தொடங்கிவிட்டது, ஆரம்பகாலப் படம் இன்னும் மங்கல்.

ஆனால் எனக்கு உங்கள் உதவி வேண்டும். எது கண்டல், எது சீமைக்கருவேலம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க நேரில் நின்று எடுத்த இடக்குறிப்பு தேவை. இரண்டிலும் நூறு நூறு இருந்தால் நன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் சுற்றிலும் பத்து மீட்டராவது அதே மரமாக இருக்கிற இடம். சாம்பல், சேறு, உப்பளம் இவற்றிலும் கொஞ்சம். இதை ஆபீசில் உட்கார்ந்து செய்தால், அந்த மீட்டிங் ஆள் செய்த தப்பைத்தான் நானும் செய்வேன்.

முகத்துவாரம் | திங்கள், இரவு 9:18

போட்டு நம்மளுது. நீங்க போன கொண்டாங்க, எடத்த நான் காட்டுறேன். எப்ப வரீங்க?

பிக்சல் பாமா | திங்கள், இரவு 9:31

வருகிற ஞாயிறு படம் எடுக்கும் நாள். பத்தரை மணிக்கு நாம் அங்கே நின்றால், அன்றைய படத்தில் ஓதம் எவ்வளவு இருந்தது என்பதற்கும் சாட்சி ஆயிற்று. அந்த நேரம் தண்ணீர் எப்படி இருக்கும்?

முகத்துவாரம் | திங்கள், இரவு 9:40

வத்தம்தான். ஏழு மணிக்கே எறங்கிடலாம், எண்ணூர் டேஷன்ல வந்து நில்லுங்க, பையன அனுப்புறேன். செருப்பு போட்டுனு வராதீங்க, சேறு புடுங்கிக்கும். வெறுங்காலும் வேணாம், ஆளி கிழிச்சிடும். பழைய கேன்வாஸ் ஷூ இருந்தா கயித்த இறுக்கிக் கட்டினு வாங்க.

ராயபுரம் ரயிலடி | திங்கள், இரவு 9:44

நானும் வரலாமா அண்ணே? ஷூ இருக்கு.